கடப்பாரையும் கைகுலுக்கலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில் 1989ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு பதவியேற்பு விழா நடைபெற்றது. பதவி ஏற்றவர் ஐம்பத்தைந்து வயதுடைய ஒரு பெண்மணி. பதவி அளித்தவர் ஜனாதிபதி மூத்த ஜார்ஜ் புஷ். இத்தகைய விழாக்களில் புதிய அதிகாரிக்கு மலர்க்கொத்தோ, கையெழுத்திட்ட நியமனப் பத்திரமோ வழங்குவதுண்டு. அன்று ஜனாதிபதி வழங்கியதோ ஓர் இரும்புக் கடப்பாரை! அயல்நாட்டுச் சந்தைகளின் கதவுகளை இயன்றவரை கைகுலுக்கியே திறப்பதாகவும், தேவையானால் கடப்பாரையைக் கொண்டும் திறப்பதாகவும் அப்பெண்மணி கூறியிருந்தார். அக்கூற்றுக்குக் கிடைத்த வேடிக்கைப் பரிசு அது. ஆனால் அந்த வேடிக்கை நம் இந்திய நாட்டையும் தொட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அப்பெண்மணியின் பெயர் கார்லா ஆண்டர்சன் ஹில்ஸ். தொழிலால் வழக்கறிஞர். அரசாங்கத்தில் மூன்று முறை உயர்பதவி வகித்தவர். அரசுப் பதவியை விட்டபின் பெருங் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் அமர்ந்தவர். ஒரு பெண் வழக்கறிஞர் அரசுப் பணியிலிருந்து வணிக உலகின் தலைமைக்கு எவ்வழியாக ஏறிச் சென்றார், அவ்வழியில் அவருக்கு எது துணை நின்றது, அவ்வழி எழுப்பும் ஐயங்கள் யாவை என்பனவே இப்பேச்சின் பொருள்.

கார்லா அம்மையார் 1934ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1955இல் பட்டம் பெற்றார். அங்கே மகளிர் டென்னிஸ் அணியின் தலைவியாகவும் விளங்கினார். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டிலும் சிறிது காலம் பயின்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1958இல் சட்டப் பட்டம் பெற்றார்.

இந்த 1958 என்னும் ஆண்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் அமெரிக்காவில் பெண்கள் சட்டம் படிப்பதற்குப் பெரும்பாலும் தடை இல்லை. படித்தபின் வேலை பெறுவதுதான் அரிதாயிருந்தது. புகழ்மிக்க ஹார்வர்டு சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1950இல்தான். ஸ்டான்போர்டில் 1952இல் வகுப்பின் முன்வரிசையில் தேறிய சாண்ட்ரா டே ஓ’கானர் வேலை தேடிச் சென்றபோது, ஒரு வழக்கறிஞர் நிறுவனம் அவருக்குச் சட்டக் காரியதரிசி வேலைதான் தர முன்வந்தது. அவரே 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். கொலம்பியாவில் 1959இல் முதல் மாணவியாகத் தேறிய ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் நியூயார்க் நிறுவனங்களின் வாயில்களில் நின்று வெறுங்கையுடன் திரும்பினார். அவரும் பின்னாளில் அதே உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். வேலை அளிப்பதில் ஆண் பெண் வேற்றுமை பாராட்டலாகாது என்று அமெரிக்கச் சட்டம் விதித்தது 1964இல்தான். நம் நாட்டிலோ பெண்கள் வழக்கறிஞராகத் தொழில் நடத்தலாம் என்று 1923ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எனினும் சட்டம் கதவைத் திறப்பது வேறு, உள்ளே இருப்போர் நாற்காலி தருவது வேறு என்பதை இரு நாட்டு வரலாறும் காட்டும்.

தனியார் நிறுவனங்களின் கதவு இவ்வாறு ஒருக்களித்து மூடியிருந்த காலத்தில், திறமையுள்ள பெண் வழக்கறிஞர்களுக்கு அரசாங்க வழக்கறிஞர் அலுவலகமே புகலிடமாக இருந்தது. கார்லா அம்மையாரும் 1958 முதல் 1961 வரை லாஸ் ஏஞ்சலஸில் மத்திய அரசின் உதவி வழக்கறிஞராகப் பணியாற்றினார். இப்பணியின் பயன் யாதெனில், தனியார் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் பல்லாண்டுகள் மூத்தவர்க்குக் குறிப்பெடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அரசாங்க வழக்கறிஞரோ முதல் ஆண்டிலேயே நீதிபதியின் முன் எழுந்து நின்று வாதிட வேண்டியவராவார். சாட்சியை விசாரிப்பதும், எதிர்த்தரப்பின் பலவீனத்தை நொடியில் கண்டுகொள்வதும் அங்கே கைவரும். பின்னாளில் நாடுகளுக்கிடையே பேரம் பேசிய திறன் இந்தச் சிறு வழக்குகளில்தான் வேரூன்றியது என்பது என் கருத்து.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே அவர் ரோடரிக் ஹில்ஸ் என்னும் வழக்கறிஞரை மணந்தார். 1962இல் கணவரும் மனைவியும் வேறு சிலரோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். மங்கர், டோல்ஸ், ஹில்ஸ் என்பது அதன் பெயர். அப்பெயரில் வரும் சார்லஸ் மங்கர் பின்னாளில் வழக்கறிஞர் தொழிலை விட்டு, வாரன் பஃபெட்டின் கூட்டாளியாகி, பெருஞ்செல்வராகப் புகழ்பெற்றார். கதவைத் திறக்க மறுப்போரிடம் கெஞ்சி நிற்பதற்கு மாறாகத் தாமே ஒரு வீடு கட்டிக்கொண்டது போன்றது இச்செயல். நான்கு குழந்தைகளுக்குத் தாயாக இருந்துகொண்டே அம்மையார் இத்தொழிலை நடத்தினார்.

அவர் தேர்ந்துகொண்ட சட்டத்துறையையும் சற்று விளக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் எண்ணெய், எஃகு, சர்க்கரை முதலிய தொழில்களில் பெருங் கம்பெனிகள் ஒன்றுகூடி, விலையைத் தம் விருப்பப்படி நிர்ணயித்தன. சிறு வணிகரை நசுக்கின. இதனைத் தடுக்க 1890இல் ஷெர்மன் சட்டமும், 1914இல் கிளேட்டன் சட்டமும் இயற்றப்பட்டன. போட்டியைக் காத்து முற்றுரிமையைத் தடுப்பது இச்சட்டங்களின் நோக்கம். போட்டிக் கம்பெனிகள் இரண்டு தமக்குள் விலை பேசிக்கொள்வது குற்றம். போட்டியை ஒழிக்கும் வகையில் ஒரு கம்பெனி மற்றொன்றை விழுங்குவதும் சட்டத்துக்கு மாறானது. ஒரே மனிதர் இரு போட்டிக் கம்பெனிகளின் இயக்குநராக இருப்பதைக்கூடக் கிளேட்டன் சட்டத்தின் எட்டாம் பிரிவு தடுக்கின்றது. இத்துறையில் தேர்ந்த வழக்கறிஞருக்கு ஒரு தொழில் எவ்வாறு நடக்கிறது, விலை எவ்வாறு அமைகிறது, சந்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பன அத்துபடியாகத் தெரிந்திருத்தல் வேண்டும். கார்லா அம்மையார் இத்துறையில் வழிகாட்டி நூல் ஒன்றின் பதிப்பாசிரியராக விளங்கினார். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கற்றவரே கம்பெனிகளுக்கு இன்றியமையாத ஆலோசகர் ஆகிறார். இதில் முரண் ஏதுமில்லை. ஆற்றின் சுழியை அறிந்தவரைத்தானே படகுக்காரர் தேடுவர்?

1973ஆம் ஆண்டில் அவருக்கு வாஷிங்டனிலிருந்து அழைப்பு வந்தது. அட்டர்னி ஜெனரலாக இருந்த எலியட் ரிச்சர்ட்சன், நீதித்துறையில் உதவி அட்டர்னி ஜெனரல் பதவியை அவருக்கு அளிக்க விரும்பினார். ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் இரவு ஒரு பெருங்குழப்பம் நேர்ந்தது. வாட்டர்கேட் ஊழலை விசாரித்துவந்த தனி வழக்கறிஞரை நீக்குமாறு ஜனாதிபதி நிக்ஸன் ஆணையிட, ரிச்சர்ட்சன் அவ்வாணையை நிறைவேற்ற மறுத்துப் பதவியைத் துறந்தார். அழைத்தவரே போய்விட்டபின் அழைப்பு என்னாகும்? அடுத்து வந்த வில்லியம் சாக்ஸ்பி அவ்வழைப்பைப் புதுப்பித்தார். 1974இல் அம்மையார் நீதித்துறையின் சிவில் பிரிவுக்குத் தலைவரானார்.

சிவில் பிரிவு என்பது அரசாங்கத்தின் வழக்குமன்றக் கேடயம். அரசின்மீது எவரேனும் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தாலும், அரசின் ஆணை செல்லாதென வாதிட்டாலும், எழுந்து நின்று பதில் கூறவேண்டியது அப்பிரிவே. நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்கள் அதில் பணிபுரிந்தனர். நாட்டின் ஜனாதிபதியே பதவி விலகிய ஆண்டில், மக்கள் நீதித்துறையை ஐயக்கண்ணோடு நோக்கிய காலத்தில், இத்தகைய பொறுப்பை ஏற்பது எளிதன்று.

அடுத்த ஆண்டே மேலும் பெரிய பொறுப்பு வந்தது. ஜனாதிபதி ஜெரால்டு போர்டு அவரை வீட்டுவசதி, நகர் வளர்ச்சித் துறைக்கு அமைச்சராக நியமித்தார். அமெரிக்க வரலாற்றில் அமைச்சரவையில் இடம்பெற்ற மூன்றாவது பெண்மணி அவர். முதல்வர் 1933இல் தொழிலாளர் துறையை ஏற்ற பிரான்ஸிஸ் பெர்க்கின்ஸ். இரண்டாமவர் 1953இல் வந்த ஓவெட்டா கல்ப் ஹாபி. இருபது ஆண்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் பெண்கள் அமைச்சராயினர் என்றால், அப்பாதை எத்துணைக் குறுகலானது என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

அமெரிக்காவில் அமைச்சர் நியமனத்தைச் செனட் சபை ஆய்ந்து ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குரிய குழுவின் தலைவராயிருந்த செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் கடுமையான ஆட்சேபம் எழுப்பினார். வீட்டுவசதித் துறையில் இவருக்கு அனுபவம் ஏது, நகரங்களின் சிக்கலைப் பற்றி இவர் அறிந்தது யாது என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. அமைச்சராக வருபவர் அத்துறையை முன்னமே அறிந்திருக்க வேண்டுமா, அன்றி விரைந்து கற்கும் ஆற்றல் போதுமா என்னும் விவாதம் இன்றளவும் எல்லா நாடுகளிலும் நடைபெற்றுவருகிறது. ஆயினும் அதே துறைக்கு அனுபவமற்ற ஆடவர் வந்திருப்பின் அக்கேள்வி அத்துணைக் காரமாக எழுந்திருக்குமா என்று ஐயுறுவோரும் உண்டு. இறுதியில் செனட் பெரும்பான்மையால் ஒப்புதல் அளித்தது. 1975 மார்ச் 10ஆம் நாள் அவர் பதவி ஏற்றார்.

அப்போது அத்துறை ஒரு திருப்புமுனையில் இருந்தது. அதுகாறும் ஏழைகளுக்கு அரசே அடுக்கு வீடுகள் கட்டிக்கொடுத்து வந்தது; பல நகரங்களில் அவ்வீடுகள் பாழடைந்து குற்றங்களின் உறைவிடமாயின. 1973இல் நிக்ஸன் அரசு மானியத்துடன் கூடிய புதிய கட்டட வேலைகளை நிறுத்திவைத்தது. 1974இல் புதிய சட்டம் வந்தது. அதன் எட்டாம் பிரிவு ஒரு புதுவழியைக் காட்டியது. ஏழைக் குடும்பம் தனியார் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும். தன் வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வாடகை தரும். எஞ்சியதை அரசு வீட்டுக்காரருக்குச் செலுத்திவிடும். சுருங்கச் சொன்னால், அரசு கொத்தனாராக இராமல் வாடகைக்குத் தோள் கொடுப்பவராக மாறியது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதை நாடெங்கும் ஓடும் வண்டியாக ஆக்கும் வேலை கார்லா அம்மையாரின் காலத்தில் விழுந்தது. தொடக்கத்தில் வண்டி மெல்லத்தான் நகர்ந்தது. குறை கூறியோர் பலர். ஆயினும் அத்திட்டம் இன்றளவும் நிலைத்திருக்கிறது. குடும்பத்தின் பங்கு மட்டும் 1981இல் நூற்றுக்கு 30ஆக உயர்த்தப்பட்டது.

1975 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஓரிடம் காலியானபோது, அதற்கு ஒரு பெண்ணை நியமிக்கவேண்டும் என்று ஜனாதிபதியின் துணைவியார் பெட்டி போர்டு வற்புறுத்தினார். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பெயர்களில் கார்லா அம்மையாரின் பெயரும் இருந்தது. ஆனால் அவ்விடம் ஜான் பால் ஸ்டீவன்ஸுக்குக் கிட்டியது. அதே காலத்தில் அவருடைய கணவர் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசாங்க ஆணையத்தின் தலைவராக இருந்தார். ஒரே வீட்டில் காலைச் சிற்றுண்டியின்போது என்னென்ன பேசலாம், எதை வாய்திறவாதிருக்கவேண்டும் என்று அவ்விருவரும் பட்டியல் வைத்திருந்தார்களோ என்னவோ!

1977 ஜனவரியில் போர்டின் ஆட்சி முடிந்தது. அம்மையார் மீண்டும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். இத்துடன் ஐ.பி.எம்., செவ்ரான் போன்ற பெருங் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களிலும் இடம்பெற்றார்.

இயக்குநர் குழு என்றால் யாது? பள்ளி மாணவர்களுக்கு இது புதிதாயிருக்கலாம். ஒரு பெரிய கம்பெனியின் சொந்தக்காரர்கள் இலட்சக்கணக்கான பங்குதாரர்கள். அவர்கள் அனைவரும் ஒன்றுகூடித் தொழில் நடத்த இயலாது. எனவே அவர்கள் பத்துப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களே இயக்குநர்கள். கம்பெனியை அன்றாடம் நடத்தும் தலைமை நிர்வாகியை நியமிப்பதும், அவர் ஊதியத்தை முடிவு செய்வதும், தவறினால் நீக்குவதும் இவர்கள் பொறுப்பு. கணக்குகள் உண்மையா என்று தணிக்கைக் குழு அமைத்துப் பார்ப்பதும் இவர்களே. இயக்குநர்களில் சிலர் கம்பெனியின் ஊழியர், சிலர் வெளியார். வெளியாரின் கடமை தலைமை நிர்வாகியின் முகத்துக்கு நேரே வினாக் கேட்பது. ஊதியம் கொடுக்கும் முதலாளியை ஊழியர் வினவ இயலாது. பிறிதோர் இடத்தில் பெயரும் வருவாயும் உடையவர் வினவ இயலும். ஆதலின் முன்னாள் அமைச்சர், நீதிபதி, பல்கலைக்கழகத் தலைவர் போன்றோரைக் கம்பெனிகள் வெளி இயக்குநராக நாடின.

1970களில் இதற்கு மற்றொரு காரணமும் சேர்ந்தது. எங்கள் குழுவிலும் ஒரு பெண் இருக்கிறார் என்று காட்டவேண்டிய நெருக்கடி கம்பெனிகளுக்கு உண்டாயிற்று. அதன் விளைவாக, பெயர்பெற்ற சில பெண்மணிகளே பல கம்பெனிகளின் குழுக்களில் ஒருசேர அமர நேர்ந்தது. இதனை வெற்றி என்பதா, கண்துடைப்பு என்பதா? இரண்டும் கலந்தது என்றே நான் சொல்வேன். நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது இருக்கவேண்டும் என்று விதித்தது. அப்போது சில கம்பெனிகள் முதலாளியின் மனைவியையோ மகளையோ அவ்விடத்தில் அமர்த்திச் சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றின. பின்னர் 2019 முதல் பெரிய கம்பெனிகளில் குடும்பத்துக்குத் தொடர்பற்ற சுதந்திரமான பெண் இயக்குநர் வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்கு வாரியம் கட்டளையிட வேண்டியதாயிற்று.

இனிக் கடப்பாரைக்கு வருவோம். 1989இல் கார்லா அம்மையார் ஏற்ற பதவி அமெரிக்க வணிகப் பிரதிநிதி என்பது. பிற நாடுகளோடு வணிக உடன்படிக்கைகளைப் பேசி முடிப்பது இவர் வேலை. ஒரு நாடு அயல் சரக்கைத் தடுக்க இருவழிகள் உண்டு. ஒன்று, இறக்குமதித் தீர்வை விதித்து விலையை ஏற்றுவது. மற்றொன்று, தீர்வை இன்றியே உரிமம், பங்களவு, தர விதி, அயலார் முதலீட்டுக்குத் தடை முதலியவற்றால் கதவை அடைப்பது. முன்னது கண்ணுக்குத் தெரியும் சுவர். பின்னது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிச் சுவர். கண்ணாடிச் சுவரைக் கண்டறிய வழக்கறிஞரின் கண் வேண்டும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று நாடுகளும் தமக்குள் தீர்வையின்றி வணிகம் செய்ய 1991 ஜூன் திங்களில் பேச்சுவார்த்தை தொடங்கின. மூன்று நாடுகளிலுமாகச் சுமார் 36 கோடி மக்கள். ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள் பேச்சு நடந்தது. 1992 ஆகஸ்டில் வாஷிங்டனிலுள்ள வாட்டர்கேட் விடுதியில் இறுதிக்கட்டப் பேரம் நடைபெற்று, 12ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. தீர்வையை நீக்குவோம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம் அல்லவா, எதற்குப் பதினான்கு மாதம் என்று நீங்கள் வினவக்கூடும். ஒரு மோட்டார் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் ஜப்பானிலும், மின்கருவி கொரியாவிலும் செய்யப்பட்டு, மெக்ஸிகோவில் பொருத்தி முடிக்கப்பட்டால் அது மெக்ஸிகோக் கார் ஆகுமா? ஆகும் எனின், உலகத்துச் சரக்கெல்லாம் மெக்ஸிகோ வாயிலாகத் தீர்வையின்றி அமெரிக்காவுக்குள் நுழைந்துவிடும். எனவே, காரின் மதிப்பில் நூற்றுக்கு 62.5 பங்கு இம்மூன்று நாடுகளுக்குள் உண்டானதாக இருந்தாலன்றிச் சலுகை இல்லை என்னும் அளவுக்குப் படிப்படியாக உயரும் விதி எழுதப்பட்டது. ஆடைக்கோ, தைத்த இடம் மட்டும் போதாது. பெரும்பாலான ஆடைகளுக்கு நூல் நூற்றதிலிருந்தே மூன்று நாடுகளுக்குள் நடந்திருக்கவேண்டும் என்று விதித்தனர். ஒவ்வொரு சரக்குக்கும் இவ்வாறு விதி எழுதினால் பதினான்கு மாதம் நீண்ட காலமன்று, குறுகிய காலமே.

1992 அக்டோபரில் டெக்ஸாஸிலுள்ள சான் அன்டோனியோ நகரில், மூன்று நாட்டுத் தலைவர்களும் அருகிருக்க, கார்லா ஹில்ஸும் மெக்ஸிகோவின் ஹைமே செர்ரா புச்சேயும் கனடாவின் மைக்கேல் வில்சனும் ஒப்பந்த வாசகத்தில் முதற்கையொப்பமிட்டனர். ஆனால் எதிர்ப்பும் வலுத்தது. தொழிற்சாலைகள் குறைந்த கூலியைத் தேடி மெக்ஸிகோவுக்கு ஓடிவிடும் என்று அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற ராஸ் பெரோ முழங்கினார். தேர்தலில் புஷ் தோற்றார். ஒப்பந்தம், அடுத்து வந்த கிளின்டனின் காலத்தில், தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல் பற்றிய துணை உடன்படிக்கைகளோடு, 1993 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 234க்கு 200 என்ற வாக்கில் நிறைவேறியது. 1994 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்து, 2020 ஜூலை வரை நிலைத்தது. அதன்பின் வந்த புதிய ஒப்பந்தம் காருக்குரிய பங்கை 75ஆக உயர்த்தியது. வணிகம் பெருகியது மெய். அமெரிக்காவின் சில தொழில் நகரங்களில் வேலையிழந்தோர் இருந்ததும் மெய். வணிகத்தால் கிட்டிய ஆதாயம் கோடிக்கணக்கானோரிடையே சிறிது சிறிதாகப் பரவியது. இழப்போ ஒரே ஊரில் ஒரே தெருவில் மொத்தமாக விழுந்தது. இரண்டில் எது அரசியலில் உரத்துக் கேட்கும் என்று கூறவேண்டியதில்லை.

கைகுலுக்கலின் கதை இது. கடப்பாரையின் கதை இந்தியாவைச் சேர்ந்தது. அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தில் சூப்பர் 301 எனப்பட்ட ஒரு பிரிவு உண்டு. அமெரிக்கச் சரக்குக்கு நியாயமற்ற தடை விதிக்கும் நாடுகளைப் பெயர் குறித்து அறிவித்து, அவை குறிப்பிட்ட காலத்துக்குள் திருந்தாவிடின் பதிலுக்குத் தீர்வை விதிக்கலாம் என்பது அதன் கருத்து. 1989 மே திங்களில் கார்லா அம்மையார் மூன்று நாடுகளின் பெயரை அறிவித்தார்: ஜப்பான், பிரேசில், இந்தியா. நம்மீது கூறப்பட்ட குற்றங்கள் இரண்டு. அயல்நாட்டு முதலீட்டுக்கு இந்தியா விதித்த கட்டுப்பாடுகள் ஒன்று. இன்ஷூரன்ஸ் தொழிலில் அயல்நாட்டவரை நுழையவிடாமை மற்றொன்று. ஆயுள் இன்ஷூரன்ஸை 1956இலும், பொது இன்ஷூரன்ஸை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நாம் தேசியமயமாக்கியிருந்தோம் அன்றோ? அயலார் மட்டுமன்று, இந்தியத் தனியாரும் அத்தொழிலில் நுழைய இயலாது. அயலாருக்கு மட்டும் கதவடைத்தோம் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும் என்பது நம் தரப்பு வாதம். வலிய வாதமே அது. அச்சுறுத்தலின் நிழலில் அமர்ந்து பேச இயலாது என்று இந்திய அரசு மறுத்துவிட்டது.

ஜப்பானும் பிரேசிலும் 1990இல் பட்டியலிலிருந்து நீங்கின. இந்தியா மட்டும் எஞ்சியது. அவ்வாண்டு ஜூன் திங்களில் அம்மையார், இந்தியாவின் நடைமுறை நியாயமற்றது என்று தீர்ப்புரைத்தார். ஆனால் பதில் நடவடிக்கை எடுப்பதைத் தவிர்த்தார். அப்போது ஜெனீவாவில் உருகுவேச் சுற்று எனப்பட்ட உலக வணிகப் பேச்சு நடந்துகொண்டிருந்தமை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அதன்பின் மருந்துக் காப்புரிமையைக் குறித்து வேறொரு பூசல் எழுந்தது. 1970ஆம் ஆண்டு நம் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தராமல், அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை தந்தது; அதனாலேயே இந்நாட்டில் மருந்து மலிவாகக் கிடைத்தது. 1992 ஏப்ரலில் அமெரிக்கா சுமார் 6 கோடி டாலர் மதிப்புள்ள இந்திய மருந்துச் சரக்குகளுக்கு அளித்துவந்த தீர்வைச் சலுகையை நிறுத்தியது.

கடப்பாரை கதவைத் திறந்ததா? அன்று திறக்கவில்லை என்பதே என் துணிபு. 1991இல் அந்நியச் செலாவணி வறண்டு, தங்கத்தை அயல்நாட்டுக்கு அனுப்பிக் கடன் பெறவேண்டிய நிலை வந்தபோது, நம் அரசே தொழிற்கொள்கையை மாற்றியது. இன்ஷூரன்ஸ் தொழிலோ 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தனியாருக்குத் திறந்தது. அப்போதும் அயலார் பங்குக்கு நூற்றுக்கு 26 என்று எல்லை கட்டினோம். அவ்வெல்லை 2015இல் 49ஆகவும், 2021இல் 74ஆகவும் உயர்ந்தது. மருந்துப் பொருள் காப்புரிமை 2005இல் வந்தது. அதற்குக் காரணம் உருகுவேச் சுற்றின் முடிவில் உலக வணிக அமைப்பில் நாம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை. ஆகவே இடிப்பதால் திறவாத கதவு, பலரும் கூடி அமர்ந்த மேசையிலும், நம் சொந்தத் தேவையாலும் திறந்தது எனலாம்.

1993இல் பதவியைவிட்ட அம்மையார், வாஷிங்டனில் ஹில்ஸ் அண்டு கம்பெனி என்னும் தம் சொந்த ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கித் தாமே அதன் தலைவரானார். அயல்நாட்டில் முதலீடு செய்யவும் வணிகம் நடத்தவும் விரும்பும் கம்பெனிகளுக்கு வழிகாட்டுவது அதன் தொழில். டைம் வார்னர், லூஸெண்ட், செவ்ரான், ஏ.ஐ.ஜி. போன்ற கம்பெனிகளின் இயக்குநராகவும் விளங்கினார். அமெரிக்க–சீன உறவுக்கான தேசியக் குழுவின் தலைமையையும் நீண்டகாலம் வகித்தார். 1958இல் ஒருக்களித்திருந்த கதவுகளுக்குள், நாற்பதாண்டு கழிந்தபின் அவர் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

இங்கே கல்லூரி மாணவர்கள் சிந்திக்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஏ.ஐ.ஜி. அக்காலத்தில் உலகின் மிகப்பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுள் ஒன்றாக இருந்தது. 1989இல் இந்தியாவின் இன்ஷூரன்ஸ் கதவைத் திறக்க முயன்ற அரசாங்கப் பிரதிநிதி, பதவி முடிந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இயக்குநராகிறார். 2001இல் அக்கம்பெனி டாடாவுடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் தொழில் தொடங்குகிறது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அம்மையாரின் நேர்மையின்மீது ஐயங்கொள்ள இச்செய்தி இடமும் தராது. அரசுப் பணியில் கற்ற அறிவு கம்பெனிக்குப் பயன்படலாகாது என்றால், திறமையுள்ளோர் அரசுப் பணிக்கே வரமாட்டார் என்று ஒரு சாரார் கூறுவர். பதவியில் இருக்கும்போதே அடுத்த நாற்காலியின்மீது கண் விழுந்துவிடுமே என்று மறு சாரார் கூறுவர். என்னைக் கேட்டால், இதனை ஒருவருடைய நற்குணத்துக்கு விட்டுவிடாமல் விதியாக எழுதிவைப்பதே இருபாலார்க்கும் நலம் என்பேன். அமெரிக்கக் காங்கிரஸும் அவ்வாறே கருதியது போலும். வணிகப் பிரதிநிதியாக இருந்தவர் பின்னர் எக்காலத்திலும் அயல்நாட்டு அரசுக்காக அமெரிக்க அரசிடம் வாதிடக்கூடாது என்று 1995இல் சட்டம் இயற்றியது. கம்பெனிகளின் இயக்குநராவதை அச்சட்டம் தடுக்கவில்லை.

இயக்குநர் நாற்காலி மெத்தை மட்டுமன்று, முள்ளும் உடையது என்பதற்கும் அதே ஏ.ஐ.ஜி. சான்றாகும். 2005இல் அக்கம்பெனியின் கணக்குகளில் கோளாறு இருப்பதாக அரசாங்க விசாரணை எழுந்தது. சுமார் நாற்பதாண்டாக அதனை ஆண்டுவந்த மாரிஸ் கிரீன்பெர்க் அவ்வாண்டு மார்ச்சில் தலைமையிலிருந்து இறங்கவேண்டியதாயிற்று. அவரை இறக்கியது இயக்குநர் குழுவே. அக்குழுவில் கார்லா அம்மையாரும் இருந்தார். ஆனால் அக்கணக்குகள் எழுதப்பட்ட ஆண்டுகளிலும் அவர் அதே குழுவில் இருந்தார். இயக்குநர்கள் காலத்தில் விழித்துக்கொண்டார்கள் என்று போற்றுவதா, முன்னமே விழித்திருக்க வேண்டாமா என்று கேட்பதா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. 2006 பிப்ரவரியில் ஏ.ஐ.ஜி. 160 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை கொடுத்து அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது.